சனிக்கிழமைக் கூட்டத்தை ஏன் நிறுத்த வேண்டும்?

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வருகிற நேரத்தில் வாசலில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. எங்கள் சபையின் வாட்ஸப் குழுக்களில் தொடங்கி பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை என்று வடசென்னை முழுக்க அந்த வீடியோ சுற்றி வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டவர் யார், அவர் எந்தக் கூட்டத்தில் உட்காருகிறவர், அதை நடத்துகிற போதகர் யார் என்பதெல்லாம் இதைப் படிக்கிற பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். அவர் போட்ட சத்தத்தைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. அந்த வீடியோவுக்குக் கீழே, "இச்சையடக்கம் கற்றுக்கொடுக்கிற ஐயாவின் சீஷர்களைப் பாருங்கள்" என்று எழுதிப் பகிர்ந்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பகிர்ந்தவர்கள் அன்று காலையில் எங்களோடு திருவிருந்தில் பங்கெடுத்தவர்கள். மறுநாளே, குடியையும் கோபத்தையும் விட முயல்கிற ஆண்களுக்காக அந்தப் போதகர் நடத்துகிற சனிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று சபைக் கமிட்டியில் பேச்சு எழுந்துவிட்டது.

ஒருவர் மறுபடியும் குடித்துவிட்டார் என்பதற்காக அந்த ஊழியமே தோற்றுவிட்டது என்று சொல்வது அநியாயம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று வந்து பார்க்காதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். தலையில் கை வைத்து, கோபத்தின் ஆவியே வெளியே போ என்று அதட்டுகிற கூட்டம் அது அல்ல. போதகர் முதலில் கேட்பது, இன்றைக்குச் சாப்பிட்டாயா, நேற்றிரவு தூங்கினாயா என்பதைத்தான். சூரைச்செடியின் கீழே விழுந்து, போதும் ஆண்டவரே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று எலியா கேட்டபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு எங்கள் போதகர் சொல்வது இதுதான்: தீர்க்கதரிசிக்கே பசியும் களைப்பும் புத்தியைத் தடுமாறச் செய்தது என்றால், நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிறவனிடம் முதல் வார்த்தையாகப் பாவத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

இது அவர் புதிதாகக் கண்டுபிடித்த முறையும் அல்ல. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, பெருந்தீனி, காமம், பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று எட்டுத் தீய எண்ணங்களை வரிசைப்படுத்தினார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அது நம்மிடம் தங்குவதும் தங்காமல் போவதும் நம்மைப் பொறுத்தது என்றார். எந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, எதைத் தொடர்ந்து எது வருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளவும் சொன்னார். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நோட்டு இருப்பது இதற்காகத்தான்.

என் அண்ணனுக்கும் அப்படி ஒரு நோட்டு உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர் அவர். அதில் ஒரு பக்கத்தை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். "புதன். மத்தியானம் சாப்பிடல. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் திட்டினாரு. ஏழு மணிக்குக் கடை. வீட்டுல குழம்பு ஆறிப்போயிருந்துச்சு, தட்டத் தூக்கி அடிச்சேன்." போதகர் கடைசி வரியை விட்டுவிட்டு முதல் வரியில் விரலை வைத்தார். "தம்பி, இந்தத் தட்டு ராத்திரி பறக்கல. மத்தியானமே கிளம்பிடுச்சு," என்றார். அன்றிலிருந்து அண்ணன் மதியச் சாப்பாட்டைத் தவறவிடுவதில்லை, மதுக்கடை இருக்கிற தெரு வழியாக வருவதில்லை, சம்பளம் அண்ணியின் கணக்குக்குப் போகிறது, வேலை முடிந்ததும் போதகருக்கு ஒரு போன் செய்கிறார். சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசே தன் கையில் வைத்திருக்கிற மாநிலத்தில், ஒரு மனிதன் வீடு திரும்பும் வழியை மாற்றிக்கொள்வது சின்ன காரியம் இல்லை.

ஜெபம் போதாதா, டாக்டரிடம் அனுப்புவது அவிசுவாசம் அல்லவா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணன் குடியை ஒரேயடியாக நிறுத்திய மூன்றாம் நாள் இரவு, கை காலெல்லாம் நடுங்கி, சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்று அலறினார். பிசாசு பிடித்திருக்கிறது, உபவாச ஜெபம் வைக்க வேண்டும் என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். போதகர் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்து, 108க்குப் போன் பண்ணுங்கள் என்றார். நெடுநாள் குடித்தவர்கள் திடீரென நிறுத்தும்போது முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இப்படிப்பட்ட பிரமையும் வரக்கூடும், சிகிச்சை கொடுக்காவிட்டால் உயிரே போகலாம் என்பதை ஸ்டான்லி மருத்துவமனையில்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். ஆம்புலன்சில் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு போதகர் வழி நெடுக ஜெபித்துக்கொண்டேதான் வந்தார். இதில் அவிசுவாசம் எங்கே இருக்கிறது? அன்றைக்கு அந்த உபவாச ஜெபம் நடந்திருந்தால், அடுத்த வாரம் அண்ணனுக்கு அடக்க ஆராதனைதான் நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு அண்ணன் விழவில்லையா என்றால், விழுந்தார். விழுந்த வாரமும் சனிக்கிழமை போய் உட்கார்ந்தார். போதகர் கேட்டது, "நோட்டு கொண்டு வந்தியாப்பா?" என்பதை மட்டும்தான். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரானில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற, குடியை விட முயல்கிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிற அமைப்பில், 'இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம்' என்றுதான் பேசுகிறார்கள். 1980 முதல் இந்தச் சென்னையிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்துவருகிற டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்களிலும், சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து வரச் சொல்வது இதனால்தான். விழுவது இந்தப் பாதையில் எதிர்பார்க்கக்கூடிய ஒன்று. விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று எழுதியவர் பவுல் அப்போஸ்தலர். அவரை யாரும் வீடியோ எடுத்துப் போடவில்லை.

ஆசைகளைப் பாவம் என்று சொல்லிக் குற்ற உணர்ச்சியை ஊட்டுகிற வேலைதானே இது என்று எழுதியிருந்த நண்பர்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. குற்ற உணர்ச்சி இவர்களிடம் வரும்போதே மலைபோல இருக்கிறது, அதை இறக்கி வைக்கத்தான் வருகிறார்கள். ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சபைக்கு அவமானம் என்கிற வாதம்தான் என்னை மிகவும் புண்படுத்துகிறது. அவமானம் எது? சபைத் தேர்தல் நெருங்கினால் கமிட்டி அறையில் பேசப்படுகிற பேச்சு வெளியே கேட்காமல் கதவைச் சாத்திக்கொள்கிறோமே, அந்தக் கோபத்துக்கு நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? மாமிசத்தின் கிரியைகளைப் பட்டியலிடுகிற கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் வெறிகள், அதாவது குடிவெறி, மட்டும் இல்லை. பகைகள், விரோதங்கள், வைராக்கியங்கள், கோபங்கள், சண்டைகள், பிரிவினைகள், பொறாமைகள் எல்லாம் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்து, சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிறவர்கள் யாரும் நோட்டு எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருவதில்லை. தன் இச்சையை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லத் துணிந்தவன் குடிகாரன் ஒருவன்தான். அவனைத்தான் படம் பிடித்தீர்கள். அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் இருக்கிறாள். அவளுடைய தோழிகளின் போனிலும் அந்த வீடியோ இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். குடித்தவனைத் தேற்றுகிறீர்கள், அடி வாங்கிய மனைவிக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். பல போதகர்கள் பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபம் பண்ணம்மா என்று சொல்லி அனுப்பிவிடுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் போதகர் அண்ணியிடம் சொன்னது வேறு. மன்னிப்பது என்றால் அடி வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருப்பது என்று அர்த்தமில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் அம்மா வீட்டுக்குப் போங்கள் என்றார். 181 என்ற உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். அண்ணி போனார். அண்ணன் மாறுகிறார் என்று தனக்கே நிச்சயமான பிறகுதான் திரும்பி வந்தார்.

அண்ணனிடமும் அவர் மழுப்பவில்லை. தன் கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அதை அடக்குகிறவனே கோபத்தை அடக்குகிறவன் என்று பொருள்படும் "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்" என்கிற 301ஆம் குறளைச் சொல்லி, "சூப்பர்வைசர்கிட்ட வராத கோபம் பொண்டாட்டிகிட்ட மட்டும் எப்படி வருது தம்பி? அடக்கத் தெரியாதவன் இல்ல நீ. அங்க அடக்குற, இங்க அடக்க மாட்டேங்குற," என்று கேட்டார். அண்ணன் அன்றைக்கு அழுததைப் போல எங்கள் அப்பா இறந்தபோதுகூட அழுததில்லை.

இப்போது ஆண்கள் கூடுகிற அதே நேரத்தில், பக்கத்து ஞாயிறுபள்ளி அறையில் அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் கூடுகிறார்கள். அண்ணியும் அங்கே போகிறார். கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்கிற கமிட்டி உறுப்பினர்கள், வருகிற சனிக்கிழமை மாலை அந்த அறைக்கு வந்து, அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும்.