இரண்டு கோப்பை எடுத்த டீம் பயந்த டீமா?

பிலிப்பைன்ஸின் தொழில்முறை கூடைப்பந்து லீக் பிபிஏ. அதில் 2025 ஜூலையில் பிலிப்பைன் கப் இறுதித் தொடரில் சான் மிகெலிடம் தோற்றது டிஎன்டி அணி. அதைப் பற்றி ஒருவர் போட்ட பதிவு: "டிஎன்டி கடைசியில பயந்துட்டாங்க." இவ்வளவுதான் மொத்த ஆய்வும். அதற்கு எத்தனை ஹார்ட்டின்!

2024-25 பிபிஏ சீசன். ஒரு சீசனில் மூன்று கோப்பை: கவர்னர்ஸ் கப், கமிஷனர்ஸ் கப், பிலிப்பைன் கப். கவர்னர்ஸ் கப் இறுதித் தொடரில் ஹினேப்ரா அணியை 4-2 என்று அடித்தது இதே டிஎன்டிதான். கமிஷனர்ஸ் கப்பில் மறுபடியும் ஹினேப்ரா. ஏழாவது ஆட்டம், ஓவர்டைம், 87-83. அங்கே நடுங்காத கை ஜூலையில் மட்டும் எதற்கு நடுங்கும்?

பிலிப்பைன் கப் வேறு ஆட்டம் ஐயா. அதில் இம்போர்ட், அதாவது வெளிநாட்டு ஆட்டக்காரர், கிடையாது. முதல் இரண்டு கோப்பையிலும் ரோண்டே ஹோலிஸ்-ஜெஃபர்சன் இருந்தார். பந்தைக் கொண்டுவருவது, எதிரணியின் முக்கிய ஆளைப் பிடிப்பது, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது (ரீபவுண்ட்), கடைசி நிமிடத்தில் உள்ளே புகுந்து ஃபவுல் வாங்குவது, எல்லாம் ஒரே ஆள். அவர் இல்லையென்றால் 48 நிமிடத்துக்கும் இந்த வேலைகளை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். கொடுக்க ஆள் எங்கே? ஜேசன் காஸ்ட்ரோ முழங்கால் காயத்தில் வெளியே. கமிஷனர்ஸ் கப் ஃபைனல்ஸ் எம்விபி (இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர்) ரே நம்பாடாக்கும் காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எதிரே சான் மிகெலின் ஜூன் மார் ஃபஹார்டோ, 6 அடி 10 அங்குலம். ஒற்றை ஆளை விட்டால் முதுகால் தள்ளிக்கொண்டே வளையத்தடிக்குப் போய்விடுவார். சரி, டபுள் டீம், இரண்டு பேர் சேர்ந்து மறிப்பது. எந்தப் பக்கமிருந்து? மேலிருந்து ஆள் வந்தால் அவர் கண்ணுக்கு நேரே தெரியும், பந்து உடனே வெளியே போய்விடும். பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கமிருந்து வந்தால் முதுகுப்புறம், கவனிக்கக் கொஞ்சம் நேரமாகும். ஆனால் அந்த ஆள் விட்டுவந்த கார்னர் காலி. அங்கே மார்சியோ லாசிட்டர் நின்றால்? பிபிஏ வரலாற்றிலேயே அதிக த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டவர் அவர். மூன்றாவது ஆள் ஓடிப்போய் அடைக்கவேண்டும், அவன் விட்ட இடத்தை நாலாவது ஆள். முதல் குவார்ட்டரில் ஓடிவிடலாம். நாலாவது குவார்ட்டரில் மூன்றாவது பாஸுக்குக் கால் வராது. இதற்குப் பெயர் பயம் இல்லை, பெஞ்சில் ஆள் இல்லை.

"முந்தின வருஷம் மெரால்கோ இதே சான் மிகெலை 4-2 ஜெயிக்கலையா?" ஜெயித்தது. ஆனால் மெரால்கோ அணி அந்த சீசனில் வேறெந்த இறுதித் தொடரும் ஆடிவிட்டு வரவில்லை, டிஎன்டி இரண்டு ஆடிவிட்டு வந்தது. அடுத்த கேள்வி.

"முதல் ஆட்டமே நடுவர் தயவு." சான் மிகெலின் மோ டாவ்டுவா வளையத்துக்குள் நேரே அழுத்திப் போட்ட டங்க்கை ரத்து செய்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். டிஎன்டி ஜெயித்த அந்த 99-96 என்ற ஸ்கோரை நானும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கழித்துக்கொள்ளுங்கள். நடுவர் விசில் ஊதியதற்கும் டிஎன்டி பயந்ததற்கும் என்ன சம்பந்தம்? ஆறாவது ஆட்டம் 107-96, சான் மிகெலுக்கு 30வது கோப்பை, ஜெரிக்கோ குரூஸ் ஃபைனல்ஸ் எம்விபி. அதையெல்லாம் நான் மறுக்கவே இல்லையே.

1975-ல் தொடங்கிய லீக். ஒரே சீசனில் மூன்று கோப்பையும் எடுத்தது மொத்தம் ஐந்தே முறை: கிறிஸ்பா 1976, 1983, சான் மிகெல் 1989, அலாஸ்கா 1996, சான் மிக் காபி 2013-14. இரண்டு கோப்பையோடு மூன்றாவதின் இறுதிவரை வந்தவர்களைத்தான் இங்கே சிரிக்கிறார்கள்.

2010-11 ஞாபகம் இருக்கிறதா? டாக் அண்ட் டெக்ஸ்ட், இதே அணி, பழைய பெயர். முதல் இரண்டு கோப்பை கையில். மூன்றாவதின் இறுதியில் பெட்ரானிடம் 3-4. பெட்ரான் வேறு யாரோ இல்லை, பெயர் மாற்றிய சான் மிகெல்தான். அன்றைக்கும் கோச் சாட் ரேயஸ். (அன்றைக்கு இம்போர்ட் இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.) காஸ்ட்ரோவும் அந்த அணியில் இருந்தார். 14 வருடம் கழித்து அதே வாசல், அதே எதிரி, இந்த முறை இறங்கி ஆடக்கூட முடியாத முழங்கால். அவரையும் பயந்தவர்கள் கணக்கில் சேர்த்தாயிற்றா, இல்லை அதற்குத் தனிப் பதிவா?