கலீசியன் ஸ்பானிஷின் கொச்சை வடிவம் அல்ல

“ஸ்பெயினின் வடமேற்கில் பேசப்படும் கலீசியன் தனி மொழியே இல்லை, ஸ்பானிஷைத்தான் கிராமத்தார் சிதைத்துப் பேசுகிறார்கள்” என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கலீசியனுக்கு நெருங்கிய உறவு போர்ச்சுகீசியம். இரண்டும் இடைக்காலத்தில் ஒரே மொழியாக இருந்து பிரிந்தவை. லத்தீனின் ‘லூனா’ (நிலா) ஸ்பானிஷில் அப்படியே நிற்கிறது. கலீசியனில் உயிர்களுக்கு நடுவிலிருந்த னகரம் உதிர்ந்து ‘லூஅ’ ஆனது, போர்ச்சுகீசியத்திலும் அதே கதை. கதவு ஸ்பானிஷில் ‘புவெர்த்தா’, கலீசியனில் லத்தீனைப் போலவே ‘போர்த்தா’. ஸ்பானிஷிலிருந்து சிதைந்திருந்தால் அந்தப் பழைய ஓகாரம் எப்படித் திரும்பி வரும்?

பதிவு காட்டும் ‘சான்று’, மேற்குப் பகுதியினர் பூனையை ‘காத்தோ’ என்னாமல் ‘ஹாத்தோ’ என்பது. அது வட்டார ஒலிப்பு. எழுத்தில்தான் காட்டுவதில்லை, பேச்சில் குற்றமில்லை. இதைப் படிப்பறிவின்மை என்று ஏளனம் செய்வது பழைய வழக்கம்தான், ஆனால் மொழியியல் அல்ல. நாய் என்பதன் பன்மையும் இடத்துக்கு இடம் மாறும்: மேற்கில் ‘கான்ஸ்’, நடுவில் ‘காஸ்’, கிழக்கில் ‘காயிஸ்’. பொது எழுத்துவழக்கு முதலாவதை எடுத்துக்கொண்டது.

சரிபார்க்க விரும்புவோர் கலீசியாவின் 1981 தன்னாட்சிச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பார்க்கலாம். கலீசியனும் ஸ்பானிஷும் அங்கே ஆட்சிமொழிகள். வட்டார வேறுபாடுகளுக்கு, 167 ஊர்களில் தரவு திரட்டிய கலீசிய மொழி நிலப்படத் தொகுதி இருக்கிறது. அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.