காசு போட்டவன்

ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடக் காதல் நகைச்சுவைப் படம் பார்த்தேன். பெயர் வேண்டாம். அந்த வகையில் எதை எடுத்தாலும் பதினேழு வயதுப் பையன், எதிர்வரிசைப் பெண், ஒரு மழை. கூடவே ஒரு நண்பன். குண்டாக இருப்பான், எதையாவது தின்றுகொண்டிருப்பான், நாயகனுக்குச் சேர வேண்டிய அடியையெல்லாம் வாங்குவான். இடைவேளைக்குப் பிறகு அவனைக் காணவில்லை. காதல்தான் கைகூடிவிட்டதே, இனி அவன் எதற்கு?

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

1999-ல் நான் பிளஸ் டூ. மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில், விடிவதற்குள் இயற்பியல் டியூஷன். அங்கே வந்த பெண்ணிடம் ஓர் ஆண்டு முழுக்க நான் நேரில் பேசியவை மூன்று சொற்கள்: "இந்தப் பேனா உங்களுடையதா?" "இல்லை" என்றாள். உண்மைதான், அது என் பேனா.

மிச்சக் காதலை நண்பனோடுதான் செய்தேன். பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் நாணயத் தொலைபேசி இருக்கும். எதிர்முனையில் எடுத்த பிறகுதான் காசைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நம் குரல் அவர்களுக்குப் போகாது. ஏழைக் காதலர்களை மனத்தில் வைத்தே யாரோ செய்த ஏற்பாடு! எனக்கு விரல் நடுங்கும் என்பதால் எண்ணை அவன்தான் அழுத்துவான். அவள் அப்பாவின் "ஹலோ"வை எத்தனையோ மாலைகளில் இலவசமாகக் கேட்டிருக்கிறோம். ஒரே ஒருநாள் அவளே எடுத்தாள். அவன் தன் காசைத் தள்ளிவிட்டு ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினான். நான் சொன்னேன்: "ராங் நம்பர்."

அழைத்தவனே ராங் நம்பர் என்று சொன்ன கதை மாம்பலத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. துரைசாமி சுரங்கப்பாதை வரை திட்டிக்கொண்டே வந்தான். பிறகு பஜ்ஜி வாங்கித் தந்தான். அதுவும் அவன் காசுதான். அவளிடம் நேரில் மூன்று சொல் பேசியவன், அவளைப் பற்றி அவனிடம் மூன்று லட்சம் சொற்களாவது பேசியிருப்பேன். அந்த வயதில் ஏங்குவதற்கும் ஆள் துணை வேண்டியிருந்தது.

நம் முன்னோர் இதில் கெட்டிக்காரர்கள். களவு எனப்படும் ஊரறியாக் காதலுக்கு நான்கு வழி சொல்லும் தொல்காப்பியம், அதில் இரண்டை நட்புக்கே கொடுத்துவிட்டது: பாங்கன், அதாவது தலைவனின் நண்பன், துணையோடு கூடுவது ஒன்று, தோழி வழியாகக் கூடுவது இன்னொன்று. குறுந்தொகை 58-ல் தலைவன் பேசுவது காதலியிடம் அல்ல, தன்னை இடித்துரைக்கும் நண்பனிடம். வெயில் கொதிக்கும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவன் கையில்லாத ஊமை. கண்ணால் பார்ப்பதைத் தவிர அவனால் எதுவும் ஆகாது. என் நிலைமை அப்படி, முடிந்தால் நிறுத்திக் காட்டு என்கிறான். வெள்ளிவீதியார் பாட்டு. திட்டுவதற்கு ஒருவன் பக்கத்தில் இல்லையென்றால் அந்த வெண்ணெய் நமக்குக் கிடைத்திருக்குமா?

2018-ல் வந்த ‘96’ படத்தை எல்லோரும் ராமுக்காகவும் ஜானுவுக்காகவும் அழுதுகொண்டு பார்த்தார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது வேறு இடம். ஜானுவின் கல்லூரிக்குத் தேடிவந்து நின்றவன் பள்ளிக் காதலன் ராம் என்பது அவளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒரு தகவல் தவறியது, இரண்டு வாழ்க்கை திசைமாறியது. சொல்லத் தெரிந்த ஒரு தோழி அன்றைக்கு நடுவில் நின்றிருந்தால் படமே கிடையாது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அந்த மாமாவுக்கு யாரையும் பிடிக்கவில்லையா அப்பா?" என்று கேட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. நண்பனைக் குண்டனாக்கித் தின்னவிட்ட இயக்குநரை இவ்வளவு நேரம் ஏசியவன் நான்.

அன்றிரவே அவனை அழைத்தேன். சுற்றி வளைத்து, அந்த வீட்டு எண் நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எனக்குக் கடைசி இரண்டு இலக்கம்கூட நினைவில்லை. அவன் யோசிக்கவே இல்லை. சென்னை எண்களுக்கு முன்னால் 2 சேர்வதற்கு முந்தைய அந்த ஏழு இலக்கங்களையும் வரிசையாகச் சொன்னான்.

"நான்தானே அழுத்தினேன்" என்றான்.

அதற்கு மேல் இருவரும் கிரிக்கெட் பேசினோம்.