இடிக்கிற வீட்டு மரமும் தச்சு படிக்கிற பிள்ளைகளும்

சென்னையில் பழைய வீட்டை விலைபேச வரும் இடிப்பு ஒப்பந்தக்காரரின் கண் முதலில் போவது நிலை, கதவு, உத்திரத்தின் மேல்தான். தேக்கா வேறு மரமா, எத்தனை கன அடி தேறும் என்று மனசுக்குள்ளேயே கணக்கு ஓடும். இவ்வளவு மதிப்பு தெரிந்தவர்கள்கூட அவசரத்தில் ஜேசிபியை விட்டு மொட்டைமாடியை உடைக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் வரிசையாகத் தேக்குக் கட்டைகளைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் அடுக்கியிருப்பார்கள். மேலிருந்து இடித்தால் நல்ல கட்டையும் நடுவில் முறிந்து விறகாகிறது.

இந்த மரம் அரசு ஐடிஐயில் தச்சு படிக்கும் பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மில்லில் அறுத்து வந்த புதுச் சட்டத்தில் அளந்து கோடு போட்டு அறுத்தால் வேலை முடிந்தது. பழைய கட்டையில் எங்கே அறுப்பது என்பதே முதல் கேள்வி. சுவருக்குள் புதைந்திருந்த முனை ஈரத்தில் உளுத்திருக்கும், கறையான் தின்றிருக்கும். நடுப்பகுதி வைரம் மாதிரி நிற்கும். உளியால் குத்திப் பார்த்து, தட்டிச் சத்தம் கேட்டுத்தான் எல்லை தெரியும். ஆணியைத் தேடிப் பிடுங்காமல் இழைப்புளியை ஓட்டினால் அலகு போச்சு. பழைய கதவைப் பிரிக்கும்போது மர ஆணியைத் தட்டி எடுத்து, துளைக்குள் செருகியிருக்கும் கழுந்தை உருவிப் பார்க்கிற பையனுக்கு, அந்தப் பொருத்து ஏன் அத்தனை காலம் தாங்கியது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் செட்டிநாட்டு வீடு, இடிபட இருந்த வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியதுதான். அந்த வேலை தெரிந்த ஆசாரிகள் இனி எங்கிருந்து வருவார்கள்? அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரம் 2016-இல் மிகப் பழைய வீடுகளை இயந்திரத்தால் நொறுக்காமல் கையால் பிரித்தெடுக்க வேண்டும் என்று விதி போட்டது. அதற்கு ஆட்களைப் பழக்கவும் ஏற்பாடு செய்தது. நம் ஊரில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்த ஆலை இருக்கிறது. கான்கிரீட்டுக்கு வழி பிறந்துவிட்டது, மரத்துக்கு இன்னும் இல்லை.

பழைய வீட்டு மரம் புது வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சரி, வாசற்காலுக்கு வேண்டாம். பள்ளிக்கூட பெஞ்சுக்கும் நூலக அலமாரிக்கும் என்ன தோஷம்? அதே ஆட்கள் காரைக்குடியில் பழைய தூணை விலைபேசி வாங்கிவந்து ரிசார்ட் வாசலில் நிறுத்துவதையும் பார்க்கிறோம்! மியான்மர் 2014-லேயே தேக்குத் தடி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்தக் காலத்து பர்மா தேக்கு இனி இடிக்கிற வீட்டில்தான் கிடைக்கும்.

தனியார் வீட்டு மரத்தைச் சும்மா கொடு என்று கேட்க முடியாது, அது அவர்கள் காசு. அரசுக் கட்டடத்தில் தொடங்கலாமே. பழைய தாலுகா ஆபீஸையோ பள்ளிக்கூடத்தையோ இடிக்க ஏலம் விடும்போது, மரச் சாமான்களை மட்டும் ஏலத்தில் சேர்க்காமல் பக்கத்து ஐடிஐக்கு ஒதுக்கினால் போதும். கழற்றுகிற வேலையையும் அந்த மாணவர்களுக்கே, கூலி கொடுத்து, ஒரு மூத்த ஆசாரியை மேற்பார்வைக்கு வைத்துக் கொடுக்கலாம்.