ரிங் ஃபிரேமுக்கு ஓய்வு நாள் உண்டு, எனக்கு இல்லை

போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினேன். ஒன்பதே காலுக்குக் கைபேசி அடித்தது. "தம்பி, ஐந்து நிமிட வேலைதான். வந்து பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்" என்றார் மேலாளர். கழற்றிய சக்கரத்தை மறுபடி மாட்டி, கை கழுவி, பைக்கை எடுத்துக்கொண்டு கொண்டலாம்பட்டி தாண்டி மில்லுக்கு ஓடினேன். வீடு திரும்பும்போது மாலை நான்கு மணி. இப்படிப் பறிபோனது இது மூன்றாவது ஞாயிறு.

ஐந்து நிமிடமாம்! இத்தனை வருடங்களில் எந்த இயந்திரக் கோளாறு ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கிறது?

நூல் மில்லில் பராமரிப்புப் பொறுப்பு என்னுடையது. நூல் நூற்கும் இயந்திரமான ரிங் ஃபிரேமில், நூலை வழிநடத்தும் சிறு வளையமான டிராவலரை எப்போது மாற்ற வேண்டும், நூல் சுற்றும் கதிரான ஸ்பிண்டிலுக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. அந்த நாள் வந்தால் ஆர்டர் எவ்வளவு நெருக்கினாலும் இயந்திரத்தை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று முதலாளி முதல் துப்புரவுப் பணியாளர் வரை அத்தனை பேருக்கும் தெரியும். இரும்புக்குப் புரிந்துகொண்ட இந்த நியாயம், அதைக் கவனித்துக்கொள்ளும் மனிதனுக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

நான் சும்மா படுத்துக் கிடப்பதற்காக ஞாயிறு கேட்கவில்லை. அம்மாவுக்கு ஏற்காடு மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயிலில் ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது. காரில் பிரேக் ஆயில் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகி, மிதி பஞ்சுபோல் உள்ளே போய்விடும். பின் இருக்கையில் அம்மாவும் என் மகளும் உட்கார்ந்திருப்பார்கள். இதை நான் எப்படி அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போடுவது?

"பட்டறையில் விட்டுவிட வேண்டியதுதானே" என்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. பட்டறைக்காரருக்குக் கிடைக்கிற அந்த ஒரு நாளை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவரை மனதாரப் பாராட்டுகிறேன். மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்கு வருகிற நான் எப்போது வண்டியை விட்டு எடுப்பது? இன்னொன்றும் உண்டு. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து நான் கேட்கும் பத்து–பதினொன்று ஸ்பேனரைச் சரியாக எடுத்து நீட்டுவாள். அந்த இரண்டு மணி நேரம்தான் வாரம் முழுவதிலும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் நேரம். அதைப் பட்டறையில் கொடுத்து வாங்க முடியாது.

கொட்டகையில் அப்பாவின் யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. கியர் மாற்றும் அதே லீவரை உள்ளே அழுத்தித் திருப்பினால் கிக்கர் ஆகும், அந்தப் பழைய இரண்டு சைலன்சர் வண்டி. மைசூர்த் தொழிற்சாலை 1996-இல் உற்பத்தியை நிறுத்திய பிறகு ஒவ்வொரு உதிரிபாகத்தையும் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்றுக் கசிகிறது. புது சீல் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. முறுக்கு டப்பாவுக்குள் அப்படியே இருக்கிறது. அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. போன ஞாயிறு நான் மில்லிலிருந்து திரும்பியபோது, நடுங்குகிற கையால் பிஸ்டனை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ வந்ததும் மாட்டிவிடலாம் என்று எடுத்து வைத்தேன்" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. இதைப் 'பொழுதுபோக்கு' என்று சொல்கிறவர்கள் அந்தக் கையை ஒரு தரம் வந்து பார்க்கட்டும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று எழுதி வைத்தது. மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு அளிக்கவும் அதே சட்டம் இடம் கொடுத்தது. 'பொறுப்பாளர்' என்ற ஒரு சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டதால் என் ஞாயிறுகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எங்கள் பிரிவில் இந்த வேலை தெரிந்தவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். முறை வைத்தால் ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிறுதான் வரும். யாரும் செத்துவிட மாட்டார்கள், மில்லும் நின்றுவிடாது. எங்கள் நான்கு பேர் பெயரையும் போட்டு ஒரு தாளில் முறை எழுதி வைத்திருக்கிறேன். திங்கள் காலை முதல் வேலையாக மேலாளர் மேஜையில் அதை வைக்கப்போகிறேன். முதல் ஞாயிற்றுக்கு என் பெயரையே எழுதியிருக்கிறேன். இரண்டாவது ஞாயிறு பிரேக் ஆயிலுக்கு. மூன்றாவது ஞாயிறு அப்பாவுக்கு.