அப்பளச் சங்கங்கள் மாவைக் கவனிக்கட்டும்

உளுந்து விலை ஏறும்போதுதான் அப்பளம், வடகம், மோர் மிளகாய் போடுபவர்களுக்கென்று சங்கங்கள் இருப்பதே நமக்குத் தெரிகிறது. மனு கொடுப்பார்கள், பாக்கெட் விலை உயரும் என்று அறிவிப்பார்கள், அப்புறம் அடுத்த விலையேற்றம் வரை பேச்சே இருக்காது. மனு கொடுப்பதில் தவறில்லை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பது சிறு தயாரிப்பாளருக்குப் பெரிய ஆறுதல், அந்தச் சலுகை போகாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் சங்கத்தின் முதல் வேலை மாவுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதுதான் என்பேன்.

உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம், கொஞ்சம் எண்ணெய். பிரண்டைச் சாறு விட்டுப் பிசைகிறவர்களும் உண்டு. செலவில் பெரும்பங்கு உளுந்துக்குத்தான். 2015-இல் பருப்பு விலை எகிறியது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு வருடத்தில் சுத்த உளுந்தில் அப்பளம் இடுபவர் என்ன செய்வார்? பக்கத்துத் தெருக்காரர் மைதாவைக் கலந்து பழைய விலைக்கே கடையில் போட்டுவிடுவார். எண்ணெயில் போடும்வரை வித்தியாசம் தெரியாது, கடைக்காரர் பொரித்துப் பார்த்தா வாங்குகிறார்? ஒழுங்காகச் செய்பவர்தான் முதலில் தொழிலை விடுகிறார். தனி ஒருவரின் நேர்மையால் இதைச் சமாளிக்க முடியாது. எல்லாரையும் கட்டுப்படுத்தும் விதி வேண்டும், அதைச் சங்கம்தான் போட முடியும்.

லிஜ்ஜத் அப்பள அமைப்பைப் பாருங்கள். 1959-இல் மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது. அது சங்கமல்ல, உழைப்பவர்களே உரிமையாளர்களான அமைப்பு. ஆனாலும் அதன் வேலைமுறை நமக்குப் பாடம். மாவைக் கிளையிலேயே பிசைகிறார்கள். பெண்கள் காலையில் வந்து மாவை வாங்கிப்போய் வீட்டில் இட்டு, காயவைத்து, மறுநாள் அப்பளத்தைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்குகிறார்கள். கை ஆயிரமாக இருந்தாலும் மாவு ஒன்றுதான். கலப்படம் செய்ய வழியே இல்லை.

நம் ஊரிலும் முடியாததல்ல. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விண்ணப்பித்தது அந்த ஊர் உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கம். ஊர்ப் பெயரைக் காப்பாற்ற ஒரு தொழில் கூடி நின்றதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று அது. கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் மதுரை அப்பளத்துக்கும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, அந்தப் பெயருக்கு ஒரு காவல்தான் தேவை.

இன்னொன்று மழை. ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாவிட்டால் அப்பளம் இடும் பெண்களுக்குக் கூலியும் இல்லை. இந்தப் பெண்களைப் பற்றி எந்த மனுவிலும் பேச்சு வருவதில்லை, அது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது. உலர்த்தும் இயந்திரத்தைத் தனியாக வாங்கச் சிறு தயாரிப்பாளரால் முடியாது, சேர்ந்து வாங்கினால் முடியும். 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவுத் தொழில் திட்டத்தில் தனி ஆளுக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம். குழுக்களும் கூட்டுறவுகளும் அமைக்கும் பொது வசதிகளுக்கும் மானியம் வைத்திருந்தார்கள். இதையெல்லாம் படித்து, படிவம் நிரப்பி, வங்கியில் உட்கார்ந்து பேசச் சங்கம் ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கலாமே.

சந்தா கட்டும் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் மூன்று கேள்வி கேளுங்கள். உளுந்தை எப்போது சேர்ந்து வாங்கப் போகிறோம்? மாவைப் பரிசோதிப்பது யார்? அடுத்த ஐப்பசிக்குள் டிரையர் வருமா?