திரும்பி வருகிறவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்

தபால் அலுவலகத்தைக் கொள்ளையடிக்கக் கிளம்பினார் ஒருவர். கையில் போலித் துப்பாக்கி, கூடவே மிரட்டல் சீட்டு. வாசலுக்கு ஒரு கஜ தூரத்தில் போலீஸ் பிடித்துவிட்டது. கொள்ளை முயற்சி என்று தண்டனையும் விதிக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. உள்ளே நுழையாதவரை முயற்சி தொடங்கியதாகச் சொல்ல முடியாது என்பது காரணம். 1991இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளிவந்த வழக்கு இது.

முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. இன்னும் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? உள்ளே இருந்த ஊழியரின் நெஞ்சில் துப்பாக்கி படும்வரையா?

அப்புறம் யோசித்தால், நீதிபதிகளின் தயக்கமும் புரிகிறது. மனதில் நினைத்ததற்கெல்லாம் தண்டிக்க ஆரம்பித்தால் யாருமே மிஞ்ச மாட்டோம். எண்ணம், ஆயத்தம், முயற்சி, முடிந்த குற்றம் என்று சட்டம் படிப்படியாகப் பார்ப்பது அதனால்தான். இங்கிலாந்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெறும் ஆயத்தத்தைத் தாண்டிய செயல்தான் முயற்சி. அமெரிக்காவில் 1962இல் உருவான மாதிரித் தண்டனைச் சட்டம் (மாநிலங்கள் முன்மாதிரியாகக் கொள்ள எழுதப்பட்ட வரைவு) எல்லைக்கோட்டை இன்னும் முன்னாலேயே போடுகிறது: குற்றத்தை நோக்கிக் கணிசமான ஓர் அடி எடுத்து வைத்திருந்தாலே போதும். அந்த அளவுகோலில் நம் ஆள் தப்பியிருப்பது கடினம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால் முன்கூட்டியே பிடிக்கும் சட்டம், தானாக மனம் மாறுகிறவருக்கு வழியும் விட வேண்டும். அமெரிக்காவின் அந்த வரைவுச் சட்டம் விடுகிறது. ஜெர்மனியின் தண்டனைச் சட்டம் 24ஆம் பிரிவும் விடுகிறது: தானாக முன்வந்து செயலைக் கைவிட்டாலோ, குற்றம் நிறைவேறாமல் தடுத்தாலோ, முயற்சிக்காகத் தண்டனை கிடையாது. அங்குள்ள சட்ட அறிஞர்கள் இதை, குற்றத்திலிருந்து திரும்பி வருவதற்கான தங்கப் பாலம் என்பார்கள். அதற்குள் யாரையாவது காயப்படுத்தியிருந்தால் அந்தக் காயத்துக்குத் தண்டனை உண்டு. போலீஸ் சைரன் கேட்டு ஓடினால் அது மனமாற்றம் ஆகாது. இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்திலும் இந்தியாவிலும் நிலைமை வேறு. முயற்சி என்ற எல்லையைத் தாண்டியபின் மனம் மாறினால் தண்டனை குறையலாம், குற்றம் போகாது. விஷம் கலந்த பாலை நீட்டிவிட்டு, கடைசி நொடியில் தானே தட்டிவிட்டவரும் கொலை முயற்சிக் குற்றவாளிதான். பால் தற்செயலாகக் கொட்டிப்போனதால் ஏமாந்து நின்றவரும் அதே குற்றவாளிதான். இருவரையும் ஒரே பெயரில் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

குற்றம் செய்யப் போகிறவர் சட்டப் பிரிவைப் படித்துவிட்டா போகிறார் என்று கேட்பார்கள். சரி, படிப்பதில்லை. ஒருவரை அடைத்து வைத்திருப்பவரிடம் வெளியிலிருந்து பேசும் அதிகாரிக்கு அது தெரியுமே. "இப்போதே விட்டுவிடு, நீ செய்யாத கொலைக்கு உன்மேல் வழக்கு வராது" என்று அவர் உண்மையாகவே சொல்ல முடிய வேண்டும். உள்ளே இருப்பவரின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி இருக்கலாம்.

சதி வழக்குகளில் இந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடியிருக்கிறது. பல நாடுகளில் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட அந்தக் கணமே குற்றம் முழுமையாகிவிடுகிறது. மறுநாள் பயந்து விலகி, நடக்கவிருந்ததைப் போலீஸிடம் சொல்லித் தடுத்தவரும் சட்டத்தின் கண்ணில் சதிகாரர்தான். அவருக்காகவாவது கதவைத் திறந்து வைக்கலாம்.